இம்ஜின் ஆற்றங்கரையில் 29-வது பிரிகேட்: தெரிந்ததைப் பகிருங்கள்

கொரியப் போரில் நடந்த இம்ஜின் சண்டை என்றாலே 235-ஆம் குன்றில் பிரிட்டனின் க்ளாஸ்டர் பட்டாலியன் (சில நூறு பேர் கொண்ட காலாட்படைப் பிரிவு) சீனப்படையை எதிர்த்துக் கடைசிவரை நின்ற கதைதான். முதலில் வரைபடத்தைப் பாருங்கள். 1951 ஏப்ரலில் பிரிட்டிஷ் 29-வது பிரிகேடின் தளபதி பிரிகேடியர் பிரோடியின் தலையில் விழுந்த, காக்க வேண்டிய முகப்பு சுமார் 12 மைல். கையில் இருந்ததோ பெல்ஜியர்களையும் சேர்த்து நாலே பட்டாலியன். க்ளாஸ்டருக்கும் அடுத்திருந்த இன்னொரு பட்டாலியனான நார்தம்பர்லண்ட் ஃபியூசிலியர்களுக்கும் நடுவே ஏறத்தாழ 2 மைல் காலி. அதற்குப் பின்னால், 675 மீட்டர் உயர காமாக் மலையில் காவலுக்கு ஆளே இல்லை. சீக்கிரம் முன்னேறப்போகிறோம் என்ற நினைப்பில் கண்ணிவெடி புதைக்கவில்லை, முள்கம்பியும் பேருக்குத்தான். ஆறோ பல இடங்களில் நடந்தே கடக்கிற ஆழம். 22-ந் தேதி இரவு சீனப்படை இறங்கிக் கடந்தது. அந்தச் சந்துகளில் புகுந்து பின்பக்கம் போய்விட்டது.

—

சரியாகச் சொன்னீர்கள் சார். சீனர்கள் சுற்றி வளைத்த க்ளாஸ்டரிடம் மீட்புப்படை ஏன் போய்ச் சேரவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 24-ந் தேதி பிலிப்பைன்ஸ் படையின் எம்-24 லேசு டாங்குகள் முன்னால் போயின. குறுகிய பள்ளத்தாக்குப் பாதையில் முதல் டாங்கு அடிபட்டு நின்றது, பாதை அடைத்துக்கொண்டது. பின்னால் வந்த சென்சூரியன் என்ற பிரிட்டிஷ் டாங்கு ஒவ்வொன்றும் 50 டன். விலகிப் போக அங்கே இடமேது? க்ளாஸ்டர் இருந்த குன்றுக்கு இன்னும் 2 கிலோமீட்டர்கூட இல்லை.

—

குன்றின் மேல் தண்ணீர் கிடையாது. வயர்லெஸ் பேட்டரியும் தீர்ந்துகொண்டே வந்தது. 25 காலையில் ஒரு ரைஃபிளுக்கு 3 தோட்டா. விடியலில் சீனர்கள் பியூகிள் (ராணுவ ஊதுகொம்பு) ஊத, க்ளாஸ்டரின் டிரம் மேஜர் பஸ் எழுந்து நின்று பதிலுக்கு வாசித்தார்: ராணுவத்தில் உள்ள அழைப்பெல்லாம், 'பின்வாங்கு' ஒன்றைத் தவிர!

—

பியூகிளை எல்லாரும் சொல்வார்கள், டாங்குக்காரர்களை மறந்துவிடுவார்கள். 25-ந் தேதி மற்ற பட்டாலியன்கள் பின்வாங்கியபோது காயம்பட்டவர்களை டாங்கு முதுகில்தான் ஏற்றினார்கள், மறைப்பு ஏதுமில்லாமல். மூடியைச் சாத்திவிட்டால் உள்ளிருப்பவருக்குப் பக்கவாட்டில் சரியாகத் தெரியாது; சீனர்கள் மேலேயே ஏறிவிட்டார்கள். அவர்களை உதற, ஒரு டாங்கு இன்னொரு டாங்கின் மேல் மெஷின்கன்னால் சுட்டது. கவசத்தில் தோட்டா பட்டால் தெறிக்கும், அவ்வளவுதான்.

பிரிகேடின் மொத்த இழப்பு 1,091 பேர். க்ளாஸ்டரில் 500-க்கு மேல் சிறைபட்டார்கள். ஹார்வி என்ற அதிகாரியின் கம்பெனி (பட்டாலியனின் ஒரு பிரிவு) மட்டும் தெற்கே ஓடாமல் முதலில் வடக்கே, எதிரி இருந்த பக்கமே போய்ச் சுற்றி வந்தது. சுமார் 40 பேர் தப்பினார்கள். கடைசிக் கட்டத்தில் அவர்களைச் சீனர்கள் என்று நினைத்துச் சுட்டது அமெரிக்க டாங்கு.