பதினேழு வயதில் காணி வாங்கலாமா? – பரந்தன் இரண்டு பரப்பை முன்வைத்து ஒரு விவாதம்

இரணைமடுத் தண்ணீர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எனக்கு 17 வயது. கிளிநொச்சி மாவட்டத்தில் உயர்தரத்தில் வர்த்தகம் படிக்கிறேன். என் சாமத்திய வீட்டுக்கு வந்த அன்பளிப்புப் பணத்தை அம்மா தொடாமல் வங்கியில் போட்டு வைத்திருக்கிறார். கீழ் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்து நானும் கொஞ்சம் சேர்த்திருக்கிறேன். கனடாவில் இருக்கும் மாமா தருவதாகச் சொன்னதையும் கூட்டினால், பரந்தனில் முல்லைத்தீவு வீதிப் பக்கமாக விலைக்கு வந்திருக்கும் இரண்டு பரப்புக் காணிக்கு ஏறக்குறையக் காணும்.

சில மாதங்களாக அமெரிக்கர் ஒருவரின் காணொளிகளைப் பார்த்து வருகிறேன். பதின்ம வயதிலேயே சேமிக்கத் தொடங்கி, பதினெட்டு ஆனவுடன் கடன் எடுத்து வீடு வாங்கி, அறைகளை வாடகைக்கு விட்டு, அந்த வாடகையாலேயே தவணையைக் கட்டி முடிக்கலாம் என்கிறார். தரகர் 'இது உறுதிக் காணி, சொந்த உரிமைப் பத்திரம் இருக்கிறது, ஒரு பிரச்சினையும் இல்லை' என்கிறார். அம்மாவோ 'முதலில் சோதனையை எடு' என்கிறார். உங்கள் கருத்து என்ன?

ஏ9 காற்று எழுதியது:

தங்கச்சி, வாங்குங்கள். எங்கள் ஊரில் காணியால் ஏமாந்தவர்களை விட, காணி வாங்காமல் ஏமாந்தவர்களே அதிகம் என்பது என் அனுபவம். 2002 இல் போர்நிறுத்தத்தோடு ஏ9 பாதை திறந்த பின்னர் விலை கொஞ்சம் ஏறியதும், இதற்கு மேல் ஏறாது என்று எண்ணி, என் தகப்பனார் வீதியோரத்தில் இருந்த நான்கு பரப்பையும் விற்றார். 2013 இல் கிளிநொச்சிக்கு ரயில் வந்த நாளன்று, எங்களிடமிருந்து போன அந்தக் காணியின் வேலியில் சாய்ந்து நின்றுதான் அவர் ரயிலைப் பார்த்தார். அன்றிலிருந்து நான் காணி வாங்கி விற்கும் தொழிலில் இருக்கிறேன். இருபத்தைந்து வயது வரை காத்திருந்தால் இதே இரண்டு பரப்பு உங்கள் கைக்கு எட்டாது. சிறு தொகையில் சிறு பிழை விட்டுப் பழகுவதற்குப் பதினேழு நல்ல வயதுதான்.

கனகராயன் கரை எழுதியது:

மேலே எழுதியவருக்குக் காணி என்பது வாங்கி விற்கும் சரக்கு. எங்கள் ஒழுங்கையில் ஒன்பது வளவுகள் இருக்கின்றன. அவற்றில் நான்குக்குக் கொங்கிரீட் தூணும் முள்ளுக்கம்பியும் போட்டுவிட்டுப் போனவர்கள் அதன் பிறகு வரவே இல்லை. உள்ளே இப்பில் மரம் கூரை உயரத்துக்கு வளர்ந்து நிற்கிறது. ஐந்தாவது வளவில் மூன்று குடும்பங்கள் ஒரே கிணற்றில் அள்ளுகின்றன. இந்திய வீட்டுத்திட்டத்தில் வீடு ஒன்றுக்கு 550,000 ரூபா கொடுத்தபோது, தனக்கென்று காட்டக் காணி இல்லாத காரணத்தால் என் ஒன்றுவிட்ட தம்பி கொட்டிலிலேயே இருந்துவிட்டான். விலை ஏறும் என்று பூட்டி வைக்கப்படும் ஒவ்வொரு பரப்பும் அப்படிப்பட்ட ஒருவனிடமிருந்து விலகிப் போகும் பரப்புத்தான். பதினேழு வயதுப் பிள்ளை அந்தப் பழக்கத்தைத் தொடங்க வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

ஏ9 காற்று எழுதியது:

இந்தத் தங்கச்சி இங்கே பிறந்து இங்கே படிப்பவர். அவர் வாங்காவிட்டால், நீங்கள் சொல்லும் அந்த முள்ளுக்கம்பிக்காரர்தான் அதையும் வாங்குவார். காணி இல்லாதவருக்குக் காணி கொடுக்க வேண்டியது அரசு. அந்தக் கடனை உயர்தர மாணவியின் தலையில் ஏற்றுவது எந்த விதத்தில் நியாயம்?

தோம்புக்காரி எழுதியது:

நான் உறுதி எழுதும் நொத்தாரிசு ஒருவரின் அலுவலகத்தில் பதினொரு வருடங்களாக வேலை செய்கிறேன். நியாய அநியாயத்தை நீங்கள் இருவரும் பேசிக்கொள்ளுங்கள். நான் காகிதத்தைப் பற்றிப் பேசுகிறேன்.

முதலாவது, அந்தக் காணொளி. அமெரிக்காவில் முப்பது வருடத்துக்கு வட்டி மாறாத வீட்டுக் கடன் சாதாரணமாகக் கிடைக்கும். அவர் போடும் கணக்கு முழுவதும் அந்த ஒன்றின் மேல்தான் நிற்கிறது. இங்கே 2023 மார்ச்சில் மத்திய வங்கி வங்கிகளுக்குக் கடன் கொடுக்கும் வீதமே 16.5 ஆக இருந்தது. வங்கி நமக்குக் கேட்ட வட்டி அதற்கும் மேல். மாறும் வட்டிக்கு எடுத்தவர்களின் தவணை எப்படி ஏறியது என்பதை எங்கள் மேசைக்கு ஈட்டு உறுதியோடு வந்தவர்களிடம் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். போதாததற்கு, பரந்தனில் வெறுங்காணிக்கு யார் வாடகை தரப்போகிறார்கள்?

இரண்டாவது, 'ஏறக்குறையக் காணும்' என்ற சொல். விற்பனை உறுதிக்கு முத்திரை வரி முதல் ஒரு இலட்சத்துக்கு 3 வீதம், மிகுதிக்கு 4 வீதம். அதற்கு மேல் நொத்தாரிசு கூலி, அளவைப் படம் இல்லாவிட்டால் சர்வேயர் கூலி. காணியின் விலைக்கு மட்டும் காசு வைத்திருப்பவரிடம் காணிக்குக் காசு இல்லை என்றே நான் எடுத்துக்கொள்வேன்.

மூன்றாவது, வயது. 1989 ஆம் ஆண்டின் திருத்தத்துக்குப் பிறகு இலங்கையில் பதினெட்டில் ஒருவர் வயது வந்தவராகிறார். அதற்கு முன் இருபத்தொன்று. பதினேழு வயதில் உங்கள் பெயரில் உறுதி எழுதலாம், உங்களுக்காகப் பெற்றோர் ஏற்றுக்கொள்ளலாம். ஆனால் அதன் பிறகு நீங்கள் வயதுக்கு வரும்வரை, மாவட்ட நீதிமன்றத்தின் அனுமதி இல்லாமல் அந்தக் காணியை உங்கள் தாயோ தகப்பனோ விற்கவோ ஈடு வைக்கவோ முடியாது. பிள்ளையின் பெயரில் எழுதிவிட்டு, ஆறு மாதத்தில் வீட்டில் ஒருவருக்குச் சத்திர சிகிச்சை என்று வந்து நிற்பவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஏ9 காற்று எழுதியது:

இவருக்குப் பதினெட்டாக இன்னும் ஒரு வருடம்கூட இல்லை. ஒரு வருடத்துக்கு விற்க முடியாமல் இருப்பது நல்லதுதானே?

தோம்புக்காரி எழுதியது:

அந்த இடத்தில் உங்களோடு உடன்படுகிறேன். ஆனால் பெண் பிள்ளை என்றபடியால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வடபகுதித் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்ட பெண் திருமணம் செய்தபின், தன் பெயரில் உள்ள அசையா ஆதனத்தை விற்கவோ ஈடு வைக்கவோ கணவனின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும் என்பது 1911 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம். அவர் காரணமின்றி மறுத்தால் நீதிமன்றம் போகலாம். போவதற்கு எத்தனை பேருக்குத் துணிவு இருக்கிறது என்பது வேறு கதை. காணி வாங்க வேண்டாம் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. இருபது வயதுக்குள் வாங்கி முப்பதில் நினைத்தபோது விற்கலாம் என்ற கணக்கைப் போடும்போது, அந்தக் கணக்கில் இன்னொருவருடைய கையெழுத்தும் இருக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன்.

இனி ஒரே ஒரு கேள்வி. தோம்பு, அதாவது காணிப் பதிவகத்தில் இருக்கும் உரிமைப் பதிவேடு, பார்த்தீர்களா?

இரணைமடுத் தண்ணீர் எழுதியது:

இல்லை அக்கா. தரகர் உறுதியின் போட்டோப் பிரதி ஒன்றைக் காட்டினார்.

காணிக்கிளைக் கிழவர் எழுதியது:

பிள்ளை, நான் பிரதேச செயலகங்களின் காணிக்கிளைகளில் இருபத்தெட்டு வருடம் இருந்து ஓய்வு பெற்றவன். வன்னியில் காணி வாங்கப் போகிறவர் விலையைக் கேட்பதற்கு முன் கேட்க வேண்டியது, அது உறுதிக் காணியா, அரசு அனுமதிப் பத்திரத்தில் கொடுத்த பெர்மிட் காணியா என்பதைத்தான். இரணைமடுவின் கீழும் அக்கராயனிலும் வட்டக்கச்சியிலும் முத்தையன்கட்டிலும் குடியேற்றத் திட்டங்களில் கொடுத்த காணிகளில் பெரும்பகுதி 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வந்தவை. பெர்மிட் வைத்திருப்பவர் அதற்குச் சொந்தக்காரர் அல்லர். அரசு காணியை அளித்ததாகக் காட்டும் அளிப்புப் பத்திரம் கிடைத்தவர்கூடப் பிரதேச செயலாளரின் எழுத்து மூலமான முன் அனுமதி இல்லாமல் விற்க முடியாது. மீறி எழுதிய உறுதி வெற்றுக் காகிதம்.

ஒருமுறை விசுவமடுப் பக்கத்திலிருந்து ஒருவர் என் மேசைக்கு வந்தார். பொலித்தீன் பைக்குள் நான்காக மடித்த ஒற்றைத் தாள். முத்திரை ஒட்டி, சமாதான நீதவானின் இறப்பர் முத்திரை குத்தி, சாட்சிகள் இருவர் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். மடிப்பு விழுந்த இடத்தில் காணியின் அளவு அழிந்து போயிருந்தது. சவூதியில் ஏழு வருடம் உழைத்த காசில் அரை ஏக்கர் வாங்கி, கிணறு வெட்டி, நாற்பது தென்னை வைத்திருந்தார். பெர்மிட்காரர் இறந்ததும், அவருக்குப் பிறகு உரித்துப் பெறும் பின்னுரித்தாளராகப் பதிந்திருந்த மகன் வந்து எழும்பச் சொல்லிவிட்டார். அந்தத் தாளை நான் திருப்பிக் கொடுத்தபோது, அவர் அதை அதே மடிப்பில் மடித்துப் பைக்குள் வைத்தார். அவருக்கு நான் செய்யக்கூடியது எதுவும் இருக்கவில்லை.

ஏ9 காற்று எழுதியது:

ஐயா சொல்வது சட்டத்தில் சரி. ஆனால் வன்னியில் பாதிக் கொடுக்கல் வாங்கல் அந்த ஒற்றைத் தாளில்தான் நடக்கிறது, பத்தில் ஒன்பது பிரச்சினை இல்லாமல்தான் போகிறது. காணி வாங்கத் தயங்கினால், தங்கச்சி ஒரு காலபோகத்துக்கு, அதாவது ஒரு மாரிப் பயிர்ச்செய்கைக்கு, இரண்டு ஏக்கர் வயலைக் குத்தகைக்கு எடுத்துப் பார்க்கட்டும். வரப்பில் நின்றால்தான் நிலத்தின் பெறுமதி தெரியும்.

காணிக்கிளைக் கிழவர் எழுதியது:

குத்தகை யோசனை நல்லது. ஆனால் அந்த வயலும் பெர்மிட் வயலாக இருந்தால் குத்தகைக்கும் அனுமதி வேண்டும். உங்கள் பத்தில் ஒன்பது என்ற கணக்கு, பெர்மிட்காரர் உயிரோடு இருக்கும்வரை செல்லுபடியாகும். இன்னொன்று: வயலை வாங்கி மண் நிரப்பி வளவாக்கலாம் என்று எந்தத் தரகராவது சொன்னால், 2000 ஆம் ஆண்டின் கமநல அபிவிருத்திச் சட்டப்படி அதற்குத் தனி அனுமதி வேண்டும் என்று சொல்லி அனுப்பிவிடுங்கள்.

பிள்ளை, தனிப்பட்ட கேள்வி என்று எண்ண வேண்டாம். நீங்கள் இப்போது இருக்கும் வளவு யாருடைய பெயரில் இருக்கிறது?

இரணைமடுத் தண்ணீர் எழுதியது:

இரண்டு கிழமை எழுதாமல் இருந்ததற்கு மன்னிக்கவும். அம்மாவும் நானும் மூன்று இடங்களுக்குப் போய் வந்தோம்.

முதலில் காணிப் பதிவகத்துக்குப் போனோம். தரகர் காட்டிய போட்டோப் பிரதியில் இருந்த உறுதி உண்மையானதுதான். ஆனால் தோம்பில் அந்தக் காணி மூன்று சகோதரங்களுக்குப் பிரிபடாத பங்காக இருக்கிறது. விற்க வந்தவர் அவர்களில் ஒருவர். மற்ற இருவரில் ஒருவர் நோர்வேயில் இருக்கிறாராம். அவருக்காகக் கையெழுத்து வைக்க அதிகாரம் கொடுக்கும் அற்றோணித் தத்துவம் இருப்பதாகத் தரகர் வாயால் சொன்னாரே தவிரக் காட்டவில்லை.

பிறகு காணிக்கே போனோம். இதை முதலிலேயே செய்திருக்க வேண்டும். வீதியிலிருந்து பார்த்தால் வெறுங்காணி போலத்தான் தெரிகிறது. உள்ளே நடந்தபோது, பின் வேலிக் கிளுவைகளுக்கு அந்தப் பக்கமாகப் பத்துப் பன்னிரண்டு வாழையும், துலா பூட்டிய கிணறும், கொட்டிலும் இருந்தன. அங்கிருந்த அம்மம்மா ஒருவர் எங்களை இருக்கச் சொல்லித் தேநீர் தந்தார். முகாமிலிருந்து 2011 இல் வந்ததிலிருந்து அங்கேதான் இருக்கிறாராம். யாரும் எழும்பச் சொல்லவில்லையாம். நாங்கள் எதற்கு வந்தோம் என்று அவர் கேட்டதற்கு, அம்மா பாதை தவறி வந்துவிட்டோம் என்றார்.

தோம்புக்காரி எழுதியது:

பத்து வருடத்துக்கு மேல் தடையின்றி ஆண்டிருந்தால், 1871 ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைச் சட்டப்படி அந்த அம்மம்மா தனியார் காணிக்கு உரிமை கோரி வழக்காடலாம். யுத்தத்தால் வர முடியாமல் போனவர்களுக்காக 2016 இல் ஒரு விசேட சட்டம் வந்தது. 1983 மே முதல் 2009 மே வரையான காலத்தைப் பற்றியது அது. இவர் வந்தது அதற்குப் பின் என்றபடியால் அது இங்கே பொருந்தாது. தேசவழமைப்படி பங்குக்காரருக்கு முதலில் வாங்கும் உரிமையும் இருக்கிறது. அவர்களுக்கு அறிவித்தல் கொடுக்காமல் வெளியாருக்கு எழுதினால் அதற்கும் வழக்கு வரும். இந்தக் காணியை மறந்துவிடுங்கள்.

ஏ9 காற்று எழுதியது:

மூன்று பேரும் சேர்ந்து கையெழுத்து வைத்து, அந்த அம்மம்மாவுக்கு ஒரு தொகை கொடுத்துச் சமாதானமாகப் போனால், பாதி விலைக்கு நான் எடுப்பேன். ஆனால் உங்களை எடுக்கச் சொல்ல மாட்டேன்.

கனகராயன் கரை எழுதியது:

'ஒரு தொகை' என்ற அந்த இரண்டு சொல்லுக்குள் பதினான்கு வருட வாழையும் கிணறும் அடங்கிவிட்டன.

இரணைமடுத் தண்ணீர் எழுதியது:

மூன்றாவது இடத்தைச் சொல்லவில்லை. ஐயா கேட்ட கேள்வியை அம்மாவிடம் கேட்டேன். எங்கள் வளவு அம்மப்பாவின் பெர்மிட். அவர் 2009 இல் இறந்துவிட்டார். பெர்மிட் இடப்பெயர்வில் தொலைந்துவிட்டது. பதினாறு வருடமாக நாங்கள் யாருடைய பெயரிலும் இல்லாத வளவில் இருந்துகொண்டு பரந்தனில் காணி பார்த்திருக்கிறோம். பிரதேச செயலகத்தில் காணிக்கிளைப் பேரேட்டைத் திறந்து பார்த்தார்கள். அம்மப்பாவின் பெயர் நீல மையில் இருந்தது; பின்னுரித்தாளர் என்ற கட்டம் வெறுமையாக இருந்தது. பெரிய மாமாதான் மூத்த ஆண் பிள்ளை என்றபடியால் அவருக்குத்தான் போகும் என்று அம்மா இவ்வளவு காலமும் பேசாமல் இருந்தாராம்.

காணிக்கிளைக் கிழவர் எழுதியது:

ஆணுக்கு முன்னுரிமை கொடுத்த அந்த ஒழுங்கு 2022 ஆம் ஆண்டின் திருத்தத்தோடு நீங்கிவிட்டது. ஆனால் உங்கள் அம்மப்பா இறந்தது அதற்கு முன் என்றபடியால், உங்கள் விடயத்தில் எது பொருந்தும் என்பதைக் காணி உத்தியோகத்தரிடம் எழுத்தில் கேளுங்கள். உங்கள் அம்மம்மா உயிரோடு இருக்கிறாரா? இருந்தால், வாழ்க்கைத் துணை என்ற வகையில் முதலில் அவருடைய உரித்து. அம்மப்பாவின் மரணப் பதிவு, அவர்களுடைய விவாகப் பதிவு, பெர்மிட் தொலைந்ததற்கான பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதி, கிராம அலுவலரின் கடிதம் எல்லாவற்றையும் சேர்த்துக்கொண்டு போங்கள். கனடா மாமாவின் பணம் வங்கியில் கிடக்கட்டும்.

இரணைமடுத் தண்ணீர் எழுதியது:

இருக்கிறார் ஐயா. விவாகப் பதிவு இல்லை. கோயிலில் தாலி கட்டியதோடு சரியாம். இப்போது என்ன செய்யலாம் என்று கேட்கத் திங்கட்கிழமை அவரைக் கூட்டிக்கொண்டு பதிவாளரிடம் போகிறோம். தனக்கு எண்பத்தொரு வயதில் எதற்குக் கலியாண எழுத்து என்று அவர் காலையிலிருந்து சிரித்துக்கொண்டிருக்கிறார்.