எஸ்டிமேட், எஸ்டிமேட்டர்: ரெண்டுக்கும் ஒரே சொல்லா?

வணக்கம். புள்ளியியல் பாடம் ஒண்ணு மொழிபெயர்க்கிறேன், திங்கட்கிழமை அனுப்பியாகணும். ரெண்டாம் உலகப்போர்ல ஜெர்மனி எத்தனை டேங்க் செய்யுதுன்னு நேச நாடுகள் கணக்கு போட்டதுதான் உதாரணம். சிக்கின டேங்குகள்ல பெரிய வரிசை எண்ணை எடுத்து, அதை சிக்கின எண்ணிக்கையால வகுத்து வர்றதை அதோட கூட்டி, ஒண்ணு கழிக்கணும். அஞ்சு டேங்க், பெரிய எண் 60னா, 60ம் 12ம் கூட்டி ஒண்ணு கழிச்சா 71. இந்த 71 எஸ்டிமேட், கணக்கு போடுற முறை எஸ்டிமேட்டர். ரெண்டுக்கும் மதிப்பீடுன்னு போட்டா பிள்ளைங்க குழம்பிடும். ஊர்தி, கருவி மாதிரி "மதிப்பி" சரியா?

---

கற்பி, நடப்பி மாதிரி ஏவலா ஒலிக்குதேம்மா. வலியறிதல்ல "மாற்றான் வலியும் துணைவலியும் தூக்கிச் செயல்"னு வள்ளுவர் சொல்றாரே, அங்க தூக்குறதுன்னா எடைபோடுறது, எதிரி படையை எடைபோட அதைவிட நல்ல வேர் ஏது? "தூக்களவை"ன்னு வைங்க.

---

ஐயா, தூக்குன்னா பிள்ளைங்களுக்கு தூக்குமேடைதான் ஞாபகம் வரும். அதோட எடைபோட பொருள் கையில இருக்கணும், இங்க பார்த்தது கொஞ்சம், பார்க்காததைத்தான் சொல்றோம். சிவஞான சித்தியார்ங்கிற சைவ சித்தாந்த நூல்ல காண்டல் (நேர்ல பார்க்கிறது), கருதல் (ஊகிக்கிறது), உரை (பிறர் சொல்றது)ன்னு அளவை, அதாவது அறியுற வழி, வருதில்ல, புகையைப் பார்த்து நெருப்பு இருக்குன்னு சொல்றது கருதல், இதுவும் அதேதான். 1940 ஜூன் மாசத்துக்கு உளவுத் தகவல் 1000 டேங்க்னுச்சு, அது உரை. வரிசை எண் கணக்கு 169, அது கருதல். ஜெர்மன் பதிவேட்டுல இருந்தது 122. பாந்தர்ங்கிற புது டேங்க் வந்தப்பவும் ரெண்டே டேங்கோட சக்கரத்துல இருந்த வார்ப்பு எண்களை வெச்சு 1944 பிப்ரவரிக்கு 270னாங்க, உண்மையில 276. அதனால "கருதளவை".

---

நான் வகுப்புல பாடம் எடுக்கிறவன். கருதளவைன்னு போர்டுல எழுதினா அதை விளக்கவே ஒரு பீரியட் போயிடும், டேங்குக்கு எப்ப வர்றது? தெரிஞ்ச சொல்லை வெச்சு "மதிப்பீட்டு விதி"ன்னா போதும்.

---

எனக்கும் அதுவே சரி.

---

நன்றி. இன்னும் ரெண்டு பேர் தனி மடல்லயும் அதையே சொன்னாங்க, நேரமும் இல்ல. மதிப்பீட்டு விதின்னே அனுப்புறேன்.

---

அடுத்த பாடத்துல பேரெண் விதி (மாதிரி பெருசாக ஆக அதோட சராசரி உண்மை சராசரியை நெருங்கும்ங்கிறது) வருமே, அதுவும் விதி இதுவும் விதியா? அது நிரூபிச்ச உண்மை, இது நாம தேர்ந்தெடுக்கிற வழிமுறை. எனக்கு உடன்பாடு இல்லை. சொல்லடைவுலயாவது கருதளவையையும் பக்கத்துல போடுங்க.