கியோத்தக்கு: ‘மீனச்சு’ வேண்டாம், ‘மீன் மைப்படி’ என்போம்

வணக்கம். பிடித்த மீனின் உருவை மையால் தாளில் படியெடுக்கும் ஜப்பானியக் கலையான கியோத்தக்குவுக்குத் தமிழ்ச் சொல் தேடி நீங்கள் எழுதியதற்கு என் பதில் இது. உங்கள் வரிகளை மேற்கோளாகத் தந்திருக்கிறேன்.

> ‘மீனச்சு’ போதாதா? சுருக்கமாகவும் இருக்கிறதே.

போதாது என்றே நினைக்கிறேன். அச்சு என்றதும் ஒரே பலகையில் நூறு படி அடிப்பதுதான் நினைவுக்கு வரும். கியோத்தக்குவோ, பிடித்த அந்த ஒரு மீனின் நீள அகலத்துக்குச் சாட்சியாகப் பிறந்தது. அறியப்பட்டவற்றுள் மிகப் பழையதாகக் கருதப்படும் தாள் 1839-இல் எடுத்தது. எடோ நகரில் (இன்றைய டோக்கியோ) பிடித்த ஃபுனா என்னும் கெண்டை இனத்து மீன் அது.

சொல்லைப் பிரித்துப் பாருங்கள். ‘கியோ’ மீன். ‘தக்கு’ என்பது கல்லெழுத்தின்மேல் தாளை ஒட்டி மையால் படியெடுப்பதற்கு உரிய எழுத்து. நம் கல்வெட்டாய்வாளர்கள் இதைத்தானே ‘மைப்படி’ என்கிறார்கள்! சொல் கையிலேயே இருக்கிறது.

> இரண்டு முறைகளையும் ‘நேரடி’, ‘மறைமுக’ எனலாம்.

‘நேர் மைப்படி’ சரி. மீன்மேல் மை தடவி, தாளைப் போர்த்தி விரலால் நீவுவது. உரு இடவலம் மாறி விழும். ஆனால் ‘மறைமுகம்’ வேண்டாம், அதில் ஒளிவுமறைவு எதுவும் இல்லை. ஈரத் தாளை மீன்மேல் ஒட்டி, சற்று உலர்ந்ததும், பஞ்சைப் பட்டில் கட்டிய ‘தம்போ’வில் மை தொட்டு மேலிருந்து ஒற்றுகிறோம். ஆகவே ‘ஒற்று மைப்படி’.

போன வாரம் அஜி என்கிற பாரை இனத்து மீனில் இப்படி எடுத்துப் பார்த்தேன். உப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவியும் செவுளோரம் கொஞ்சம் வழும்பு தங்கிவிட்டது. அந்த இடத்தில் தாள் வழுக்கி மை திட்டாகிவிட்டது. ஆனால் வால் பக்கம் ஒற்ற ஒற்ற, விலாவோடு ஓடும் முட்செதில்கள் ஒவ்வொன்றாய்த் தாளில் எழுந்து வந்தன. மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தேன். அந்தக் கையசைவுக்கு ஒற்றுதலைவிடப் பொருத்தமான வினை எனக்குத் தோன்றவில்லை. கண்ணை மட்டும் கடைசியில் தூரிகையால் வரைகிறோம்.

> ‘மீன்படி’ என்று சுருக்கலாமா?

வேகமாக வாசித்தால் ‘மீன்பிடி’ ஆகிவிடும்.

> பல வண்ணத்திலும் எடுக்கிறார்களே, மை கறுப்பல்லவா?

சிவப்பு மை, பச்சை மை என்று எழுதிப் பழகியவர்கள்தானே நாம். அதில் எனக்குத் தயக்கமில்லை.

தம்போவுக்கு ‘ஒற்றுப்பொதி’ என்று குறித்து வைத்திருக்கிறேன். ‘பொதி’ சுமையை நினைவூட்டுகிறதோ என்று ஓர் உறுத்தல். ‘ஒற்றுமுடிச்சு’ எப்படி?