கூடலூர்ப் பக்கம் உண்ணி கணக்கெடுக்க உதவி வேண்டும்
வணக்கம். முதுமலையை ஒட்டிய காட்டோரப் பாதைகளில் எங்கெங்கே உண்ணி இருக்கிறது என்று மாதாமாதம் பார்த்துக் குறித்து வைக்கலாம் என்றிருக்கிறோம், நாங்கள் நாலைந்து பேர். மாட்டு உண்ணிக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று ஊரில் சிரிக்கிறார்கள். ஆனால் 1957இல் கர்நாடகத்தின் கியாசனூர் காட்டில் முதலில் தெரியவந்த, உண்ணி கடித்துப் பரவும் வைரஸ் நோயான குரங்குக் காய்ச்சல், பல வருடம் சிவமொக்காவிலும் அதை ஒட்டிய மாவட்டங்களிலுமே இருந்துவிட்டு, 2012 முதல் பந்திப்பூர், வயநாடு என்று நம் வாசல்வரை வந்துவிட்டதே. வெள்ளை ஃபிளானல் துணியைப் புல்மேல் இழுத்தால் உண்ணி ஒட்டிக்கொள்ளும், அது சரி. அப்புறம்? 70 சதவீத எத்தனாலில் போட்டால் இனம் பார்க்கலாம், வைரஸ் சோதனைக்கு எப்படி வைப்பது? இந்தக் காய்ச்சலைப் பரப்புவதில் முக்கியமான ஹீமாஃபிசாலிஸ் ஸ்பினிஜெரா என்ற உண்ணி இனத்தை, அதுவும் கடுகளவு இளம் உண்ணியாக இருக்கும்போது, அடையாளம் காணச் சொல்லித்தர யாராவது இருக்கிறீர்களா? மழை முடிந்ததும் அதுதான் பெருகும், அதற்குள் பழகிவிட வேண்டும்.