பெனாரிக்கான் வழித்தடத்தின் தடயத்தை எங்கே தேடுவது?

பகாவ் வாசி:
அனைவருக்கும் வணக்கம். நான் மலேசியாவின் நெகிரி செம்பிலானில், பகாவ் அருகே ஒரு செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டத்தில் வளர்ந்தவன். மூவார் ஆற்றில் ஏறி வந்த படகுகள் ஜெம்போல் ஆற்றுக்குள் நுழைந்து, அங்கிருந்து சிறிது தூரம் தரைமேல் இழுக்கப்பட்டு, செர்த்திங் ஆற்றில் இறங்கி, பெரா, பகாங் ஆறுகளின் வழியே கிழக்குக் கடலை அடைந்தன, இதுவே பெனாரிக்கான் வழித்தடம் என்பது இங்குள்ளவர்கள் அறிந்த செய்திதான். 1511-இல் மலாக்கா வீழ்ந்த பின் சுல்தான் மாமுட் ஷா பகாங்கிற்குப் போனதும் இவ்வழியே என்பார்கள். தருமபுரிப் பக்கம் அதியமான் பெருவழியில் நட்ட காதக்கல்லில், நாவற்றாவளத்துக்கு 29 காதம் என்ற எழுத்தோடு, படிக்கத் தெரியாத வழிப்போக்கருக்காகப் பத்துக்கு ஒன்றாக இரண்டு பெரிய குழிகளும் ஒன்பது சிறிய குழிகளும் செதுக்கியிருக்கிறார்கள். அப்படி எதுவும் இல்லாத நம் வட்டாரத்தில் ஒரு பழைய வழியைத் தொல்லியலாளர்கள் எதைக்கொண்டு உறுதி செய்வார்கள்?

மூவார்க்கரை:
நல்ல கேள்வி, ஐயா. கல் பாவிய சாலையைத் தேடினால் இங்கே ஏமாற்றமே மிஞ்சும். கம்போடியாவின் அங்கோர் பகுதியில் 2012-இல் ஹெலிகாப்டரிலிருந்து லைடார் என்னும் லேசர் கருவியால் நிலத்தை அளந்தபோது, காட்டுக்கு அடியில் மறைந்திருந்த மண்கரைச் சாலைகளும் வாய்க்கால்களும் துலங்கின. அவை அரசு ஆள்வைத்து உயர்த்திக் கட்டியவை, ஆகவே மேடாக நிலைத்தன. படகு இழுத்த தடம் அப்படிப்பட்டதன்று. போதாக்குறைக்கு, ரப்பருக்கும் செம்பனைக்கும் மலைச்சரிவுகளைப் படிப்படியாக வெட்டிய நிலத்தில் தோட்டச் சாலை எது, பழைய தடம் எது என்று பிரிப்பது கடினம். நடவுக்கு முந்தைய நில அளவை வரைபடங்களோடு ஒப்பிட்டால்தான் லைடார் படத்துக்குப் பொருள் கிடைக்கும்.

என் கருத்தில், வழியைவிட வழி மாறும் இடத்தைத்தான் தேட வேண்டும். படகிலிருந்து சரக்கை இறக்கி, ஆள் சேரும்வரை காத்திருந்து, சோறாக்கித் தின்ற இடத்தில் உடைந்த பானையும் அடுப்புக்கரியும் சீனப் பீங்கான் துண்டும் விழுந்திருக்கும். கெடாவின் சுங்கை பத்துவில் இரும்பு உருக்கிய உலைகளோடு ஆற்றுத்துறையின் செங்கல் கட்டுமானமும் வெளிப்பட்டது. அதுவும் செம்பனைக்கு இடையில்தான். ஆறு பிற்காலத்தில் விலகியதால் அந்தத் துறை இன்று தரையில் கிடக்கிறது. ஜெம்போலும் செர்த்திங்கும் பழைய நாளில் ஓடிய படுகையை முதலில் கண்டறியாமல் தோண்டுவது வீண்.

கடாரத்தான்:
மேலே சொன்னதை ஏற்கிறேன். ஒன்று சேர்க்க விரும்புகிறேன். ஒரே வகைப் பொருள் எங்கெங்கே கிடைக்கிறது என்பதும் வழியைக் காட்டும். வட வியட்நாமைச் சேர்ந்த தோங்சோன் என்னும் பழம் பண்பாட்டின் வெண்கல முரசு பகாங்கின் தெம்பெலிங் ஆற்றங்கரையிலும் கிடைத்தது, சிலாங்கூரின் கம்போங் சுங்கை லாங்கிலும் கிடைத்தது. தீபகற்பத்தின் நடு மலைத்தொடரின் இரு பக்கமும் ஆறுகளே இணைத்தன என்று எண்ண இது இடம் தருகிறது.

வடக்கே தாய்லாந்தின் கிராபி பகுதியில் தமிழ் பிராமியில் 'பெரும்பதன் கல்' என்று பொறித்த பொற்கொல்லரின் உரைகல் கிடைத்துள்ளது. அதே நாட்டின் தக்குவாபாவில் மணிக்கிராமம் என்னும் வணிகக் குழுவினரைக் குறிப்பிடும் 9-ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒரு குளத்தைப் பற்றிப் பேசுகிறது. நம் முன்னோர் பெயர் அங்கே இருப்பதில் எனக்கும் பெருமைதான். ஆனால் அவை நம்மவர் மேற்குக் கரையில் தங்கித் தொழில் செய்ததற்கே சான்று; மலையைத் தாண்டிக் கிழக்கே நடந்தார்கள் என்பதற்கு நடுவழியிலும் கிழக்குக் கரையிலும் கிடைக்கும் பொருள்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

பகாவ் வாசி:
மிக்க நன்றி. மறுநடவுக்காகக் கான் (வடிகால்) வெட்டும்போது உடைந்த பானை ஓடு தென்பட்டால் எடுத்து வைக்கலாமா?

மூவார்க்கரை:
எடுக்க வேண்டாம். பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்துப் படம் எடுங்கள், கானின் வெட்டுமுகத்தில் மேலிருந்து எத்தனை அடி ஆழத்தில் எந்த நிற மண்ணில் இருந்தது என்று குறியுங்கள், தோட்ட நிர்வாகியிடமும் சொல்லுங்கள். 2005-ஆம் ஆண்டு தேசிய மரபுடைமைச் சட்டப்படி இத்தகைய கண்டெடுப்பை மரபுடைமை ஆணையருக்கோ மாவட்ட அதிகாரிக்கோ தெரிவிக்க வேண்டும். ஜெம்போல் மாவட்ட அலுவலகம் உங்களுக்குப் பக்கம்தான்.