சீனாவுக்குக் கல்விச் சுற்றுலா போனவர்கள்: மனதை விட்டுப் போகாத ஒரு சந்திப்பைச் சொல்லுங்கள்

தென்றல்_சிங்கை:
நானே தொடங்குகிறேன். கட்டடக்கலை மாணவர்கள் குழுவாகப் போனோம், தென்கிழக்குச் சீனாவின் துறைமுக ஊர்களான ஷியாமென், அப்புறம் சுவான்சோ. சுவான்சோவில் இருக்கும் கையுவான் என்ற பழைய புத்தர் கோயிலைப் பற்றி இங்கே பலருக்கும் தெரிந்திருக்கும். பெரிய மண்டபத்தின் பின்புறம், நம் ஊர்க் கடவுள்களைச் செதுக்கிய இரண்டு தூண்கள் இருக்கின்றன, அவற்றைத்தான் நான் பார்க்கப் போனேன். ஆசிரியரும் மற்றவர்களும் முன்பக்கம் இரட்டைக் கல் கோபுரங்களை அளந்துகொண்டிருந்தார்கள்.

தூணில் நரசிம்மர் இரணியனை மடியில் கிடத்தியிருக்கிறார். பார்த்ததும் தெரிந்துவிட்டது. பக்கத்தில் ஊதுபத்தியோடு நின்ற ஒரு பாட்டி என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்து, இன்னொரு வட்டச் சிற்பத்தைக் காட்டி ஏதோ கேட்டார். என் வகுப்புத் தோழி அந்தப் பக்கத்துச் சீன மொழியான ஹொக்கியன் பேசுவாள். அவள் தாத்தா அந்தப் பக்கத்திலிருந்து சிங்கப்பூருக்கு வந்தவர். "இந்தப் பையன் யார் என்று உனக்குத் தெரியுமா என்று கேட்கிறார்" என்றாள்.

இரண்டு மரங்களுக்கு நடுவே கண்ணன். அம்மா உரலில் கட்டிப் போட்டாள், அவன் உரலை இழுத்துக்கொண்டே போனான், மரங்கள் சாய்ந்தன என்று சொன்னேன். உரலுக்குத் தோழியிடம் சொல் இல்லை, நான் குத்துவது போலக் கையால் செய்து காட்டினேன். பாட்டி உடனே தானும் உலக்கை போடுவது போலச் செய்தார். அப்புறம் தலையை ஆட்டினார். அப்படி இல்லையாம். அவருடைய அம்மா இந்தப் பையனைப் பற்றி வேறு கதை சொல்லியிருக்கிறாராம். "இவன் கடலுக்குப் போன..." என்று தோழி மொழிபெயர்க்கத் தொடங்கும்போதே ஒலிபெருக்கியில் எங்கள் குழுவைக் கூப்பிட்டுவிட்டார்கள். பேருந்து கிளம்புகிறது, ஓடி வாருங்கள் என்று.

போய்விட்டோம். கடலுக்குப் போன பையனுக்கு என்ன ஆனது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. தோழிக்கும் அதற்கு மேல் காதில் விழவில்லை.

கால்வாய்_மகன்:
தென்றல் பார்த்த சோழர் தூண்களை நானும் பார்க்க ஆசைப்பட்டேன், எங்கள் பயணத் திட்டத்தில் அந்த ஊர் இல்லை. நாங்கள் சிவில் பொறியியல் மாணவர்கள், செங்டூ நகரிலிருந்து துஜியாங்யான் என்ற பழைய பாசன அமைப்பைப் பார்க்கப் போனோம். கல்லணை பக்கத்தில் வளர்ந்தவன் நான், இதைப் பார்க்கக் காத்திருந்தேன். கி.மு. 256 வாக்கில் லி பிங் என்ற ஆளுநர் தொடங்கிய வேலை. மின் ஆற்றின் நடுவே மீன்வாய் போல ஒரு கரை, அது தண்ணீரை இரண்டாகப் பிரிக்கிறது. அன்று குறுக்கே பெரிய அணை எதுவும் கட்டவில்லை. இன்னும் பாசனம் நடக்கிறது.

வழிகாட்டி வேகமாகச் சொல்லிக்கொண்டே போய்விட்டார். மீன்வாய்க்குப் போகும் வழியில் ஒரு பெரியவர், கால்வாய் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவராம், ஆளுயரத் தூரிகையைத் தண்ணீரில் தோய்த்துத் தரையில் எழுதிக்கொண்டிருந்தார். அங்கே பூங்காக்களில் பலர் அப்படி எழுதுவார்கள். எங்கள் கையில் இருந்த வரைபடத்தைப் பார்த்ததும் எழுதுவதை நிறுத்திவிட்டு ஆற்றை வரையத் தொடங்கினார். உள் ஆறு, வெளி ஆறு. வறட்சியில் தண்ணீரில் பத்துக்கு ஆறு பங்கு உள்ளே, நாலு பங்கு வெளியே. வெள்ளத்தில் அப்படியே திருப்பி. விரல்களைக் காட்டியே சொன்னார். எங்களோடு வந்த உள்ளூர் மாணவி மீதியைச் சொன்னாள்.

அப்புறம் குந்தி உட்கார்ந்து, தரையில் நாலு கோடு இழுத்துத் தன் காலால் தட்டினார். ஆற்றுப் படுகைக்குள் இரும்புக் கட்டைகளைப் புதைத்து வைத்திருக்கிறார்கள். குளிர்காலத்தில் தூர்வாரும்போது அந்த இரும்பு கண்ணில் படும்வரை தோண்ட வேண்டும். அதற்கு மேலே நிறுத்தினால் வயலுக்குத் தண்ணீர் போதாது, கீழே போனால் வெள்ளம் உள்ளே வந்துவிடும். "படுகையை ஆழமாகத் தூர்வாரு, வழிந்தோடும் தடுப்பைத் தாழ்வாகக் கட்டு" என்று கோயில் சுவரில் பொறித்திருப்பதை அவர் ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார். அவர் சொல்லி முடிக்கும்போதே வரைந்த ஆற்றில் பாதி வெயிலில் காய்ந்துவிட்டது. யாரும் படம் எடுக்கவில்லை, எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தோம். எங்கள் ஊர் வாய்க்காலில் எது வரைக்கும் தோண்ட வேண்டும் என்று சொல்ல இப்போது யார் இருக்கிறார்கள்? ஒவ்வொரு முறை தூர்வாரும் இயந்திரத்தைப் பார்க்கும்போதும் அந்தக் கேள்விதான் வருகிறது.

கல்வெட்டு_நேசன்:
கால்வாய்_மகன், அவை சோழர் தூண்கள் இல்லை. இந்தத் தவறு எல்லா இடத்திலும் பரவிக் கிடக்கிறது, அதனால் சொல்லியே ஆக வேண்டும். சுவான்சோவில் 1956இல் கிடைத்த தமிழ்க் கல்வெட்டின் காலம் சக ஆண்டு 1203, சித்திரை மாதம். அதாவது 1281. அப்போது சீனாவில் குப்லாய் கான் ஆட்சி. சோழரின் கடைசி அரசன் மூன்றாம் இராசேந்திரனின் காலம் 1279 வாக்கிலேயே முடிந்துவிட்டது, தமிழகத்தில் பாண்டியர் கை ஓங்கியிருந்தது. கல்வெட்டில் சோழர் பெயரும் இல்லை, பாண்டியர் பெயரும் இல்லை. செகசைக் கான் என்று அது குறிப்பிடும் ஆட்சியாளரின் நலத்துக்காக, அவர் ஆணைப்படி, சம்பந்தப் பெருமாள் என்பவர் சிவனை எழுந்தருளச் செய்தார் என்று இருக்கிறது. அது வணிகர்களின் கோயில். கடல் கடந்து போய்க் கடை போட்டவர்கள் கட்டியது என்றே ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அரசன் பெயரை அதன்மேல் ஒட்டினால் அவர்கள் பெயர் மறைந்துபோகும்.

இன்னொன்று. கையுவான் கோயில் புத்தர் கோயில், 686இல் தொடங்கியது. இந்தத் தூண்கள் வேறு ஒரு கட்டடத்தில் இருந்தவை. அது இடிந்தபின், மிங் அரச மரபின் காலத்தில் மண்டபத்தைப் புதுப்பித்தபோது இங்கே கொண்டுவந்து நிறுத்தினார்கள். போகிறவர்கள் தூண்களோடு திரும்பிவிடாதீர்கள். மண்டபத்தின் அடித்தளத்தில் சிங்க உடலும் மனித முகமுமாக வரிசையாகக் கற்கள் இருக்கின்றன, குனிந்து பார்க்க வேண்டும். கடல்சார் அருங்காட்சியகத்துக்கு அரை நாளாவது ஒதுக்குங்கள்.

என் அனுபவம் சின்னதுதான். மாணவர்களை அழைத்துக்கொண்டு ஊருக்கு வெளியே செதியன் கிராமத்துக்குப் போனேன். அங்கே நாலு கை அம்மன் சிலை ஒன்று சின்ன மண்டபத்தில் இருக்கிறது, ஊர்க்காரர்கள் அதைக் குவான்யின் என்ற சீனக் கருணைத் தெய்வமாகக் கும்பிடுகிறார்கள். ஒரு பெண் விளக்கில் எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் ஒன்றும் கேட்கவில்லை, தட்டிலிருந்த ஆரஞ்சில் ஒன்றை எடுத்து என் கையில் வைத்தார். பிரசாதம் கொடுக்கும் அதே கை.

தென்றல்_சிங்கை:
கல்வெட்டு_நேசன் ஐயா, ஆண்டுக் கணக்கெல்லாம் சரி. ஆனால் நான் சோழர் என்று சொல்லவே இல்லை. தூணைச் செய்தவர் யார் என்பதற்குக் கல்வெட்டு இருக்கிறது, புத்தகம் இருக்கிறது. அந்தத் தூணோடு இத்தனை தலைமுறை வாழ்ந்தவர்கள் அதைப் பார்த்து என்ன கதை சொல்லிக்கொண்டார்கள் என்பதை யார் எழுதி வைத்திருக்கிறார்கள்? அந்தப் பாட்டி போன்றவர்கள் போய்விட்டால் அதுவும் போய்விடும்.

பயணப்பை:
எனக்கு லான்சோ போகும் ரயிலில். எதிர் இருக்கை அம்மா, நான் சைவம் என்று தெரிந்ததும் பையிலிருந்து வேகவைத்த சோளத்தை எடுத்துக் கொடுத்தார். நான் தூங்கி எழுந்தபோது அவர் இறங்கிப் போயிருந்தார். நன்றிகூடச் சொல்லவில்லை.

மாணவர்களை அனுப்பும் பெற்றோருக்குச் சில விஷயங்கள். கூகுளும் வாட்ஸ்அப்பும் அங்குள்ள வைஃபையில் வராது, ஊரிலிருந்தே ரோமிங் போட்டுக்கொண்டு போனால் வரும். அலிபே, வீசாட் என்ற பணம் செலுத்தும் செயலிகள் இரண்டையும் கிளம்பும் முன்பே உங்கள் வங்கி அட்டையோடு இணைத்துவிடுங்கள், தெருவில் பழம் விற்பவர்கூட க்யூஆர் அட்டையைத்தான் நீட்டுவார். ரயிலுக்குப் பாஸ்போர்ட்டுதான் டிக்கெட், பெரிய பெட்டியில் வைத்துப் பூட்டாதீர்கள். பெய்ஜிங் அரண்மனைக்கு முன்பதிவு கட்டாயம், சாதாரணமாகத் திங்கட்கிழமை மூடியிருக்கும், குழுத் தலைவர்கள் இதைப் பார்த்துத்தான் நாள் குறிக்க வேண்டும். 2025 ஜூன் முதல் உள்நாட்டு விமானத்தில் 3சி என்ற சீனப் பாதுகாப்புச் சான்று முத்திரை இல்லாத பவர் பேங்கை அனுமதிப்பதில்லை. ஒரு ஃபிளாஸ்க் கொண்டுபோங்கள், ரயிலிலும் நிலையத்திலும் வெந்நீர் கிடைக்கும். ஊறுகாய் பாட்டிலைத் துணியில் சுற்றி வையுங்கள்.

வைகறை:
பயணப்பை சொன்னதெல்லாம் உதவும், ஆனால் இழை எங்கேயோ போகிறது. என்னுடையதையும் சொல்லிவிடுகிறேன்.

பெய்ஜிங். எங்கள் கல்லூரிக் குழுவை வரவேற்க வந்தவர்களில் ஒரு சீன மாணவி, தமிழ் படிப்பவர். சீன வானொலி 1963இலிருந்தே தமிழில் ஒலிபரப்பியது பெரியவர்களுக்கு நினைவிருக்கும். இப்போது பெய்ஜிங் வெளிநாட்டு மொழிகள் பல்கலைக்கழகத்திலும் தமிழ் கற்பிக்கிறார்கள். இவர் கையில் சின்னத் தாள், அதில் வரவேற்புரை. "அனைவரும் நலமாக வந்து சேர்ந்தீர்களா? வழியில் சிரமம் ஏதும் உண்டா?" என்று ஒவ்வொரு சொல்லாக, சுத்தமாகக் கேட்டார். எங்கள் பையன்கள் கைதட்டினார்கள். அதோடு எல்லாரும் ஆங்கிலத்துக்குப் போய்விட்டார்கள். அவர் தமிழில் கேட்கிறார், இவர்கள் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறார்கள். சாப்பாட்டு மேசையில் கடைசியில் கேட்டேவிட்டார்: "என் தமிழ் உங்களுக்குப் புரியவில்லையா?"

நன்றாகப் புரிகிறது என்று ஒருவன் ஆங்கிலத்திலேயே சொன்னான். அவர் தாளை நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

கால்வாய்_மகன்:
வைகறை, பையன்களை மட்டும் சொல்லிப் பயனில்லை. எங்கள் குழுவில் வெளிநாட்டில் ஆங்கிலத்தில்தான் பேச வேண்டும் என்று கிளம்பும் முன்பே உத்தரவு போட்டிருந்தார்கள். கல்லூரியின் பெயர் கெட்டுவிடுமாம். அடுத்த முறை கூட்டிப்போகும் ஆசிரியர்கள் யாராவது இதைப் படித்தால், அந்த உத்தரவை விட்டுவிடுங்கள். கூடவே தென்றல் சொன்ன மாதிரி ஒரு பாட்டி பேசத் தொடங்கினால் பேருந்தைக் கொஞ்ச நேரம் நிறுத்தி வையுங்கள்.