வாசல் கதவுச் சாவி திரும்ப மறுக்கிறது, பூட்டையே மாற்ற வேண்டுமா?

கேள்வி:
வணக்கம். ஒரு மாதமாக வாசல் கதவுப் பூட்டு மக்கர் செய்கிறது. சாவி உள்ளே போகிறது, திரும்ப மாட்டேன் என்கிறது. கைப்பிடியைப் பிடித்துக் கதவைத் தூக்கினால்தான் பூட்டுகிறது. நேற்று அம்மா அழுத்தித் திருப்பியதில் சாவியின் கழுத்து லேசாக முறுக்கிக்கொண்டது. சமையல் எண்ணெய் விட்டேன். இரண்டு நாள் பரவாயில்லை, அப்புறம் முன்பைவிட மோசம். புதுப் பூட்டு வாங்கிவிடலாமா?

பதில்:
பூட்டு வேலைதான் என் தொழில். வாங்காதீர்கள், பொறுங்கள். முதலில் அந்த முறுக்கிய சாவியை இனித் தொட வேண்டாம். அது உள்ளேயே முறிந்தால் வேலை இரட்டிப்பாகும்.

கதவைத் திறந்து வைத்து, மாற்றுச் சாவியால் பூட்டிப் பாருங்கள். அப்போது சுலபமாகத் திரும்பினால் பூட்டில் கோளாறு இல்லை. தூக்கினால் பூட்டுகிறது என்கிறீர்களே, கதவு இறங்கியிருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். பூட்டின் நாக்கில் சாக்பீஸ் தேய்த்துக் கதவை மூடி, மெதுவாகத் திருப்புங்கள். நிலையில் உள்ள தகட்டில் எங்கே வெள்ளை ஒட்டுகிறதோ அங்கேதான் முட்டுகிறது.

எண்ணெய் வேண்டவே வேண்டாம். உள்ளே ஸ்பிரிங் தள்ளும் சின்னச் சின்ன பின்கள் இருக்கின்றன. எண்ணெயில் தூசி ஒட்டிப் பிசினாகிவிட்டால் அவை ஏறி இறங்காது. பென்சில் கரி நல்லதுதான், ஆனால் எண்ணெய் இருக்கும்போது போட்டால் சேறாகிவிடும். பூட்டுக்கென்றே விற்கும் ஸ்ப்ரேயை அடித்து, சாவியை நுழைத்து நுழைத்து எடுத்துத் துடையுங்கள். சாவியில் கறுப்பு வருவது நின்றால் போதும்.

இன்னொருவர்:
புதுச் சாவி வெட்டும்போது, பூட்டோடு வந்த மூலச் சாவியைக் கொடுங்கள். தேய்ந்ததைப் பார்த்து வெட்டினால் அந்தத் தேய்மானமும் சேர்ந்தே வரும். நான் நகலுக்கு நகல் வெட்டி, மூன்றாவது சாவி கடைசியில் திரும்பவே இல்லை.

கேட்டவர்:
ஐயா, திறந்த கதவில் வெண்ணெய் மாதிரித் திரும்பியது! வெள்ளை, தகட்டுத் துளையின் கீழ் விளிம்பில். மேல் கீலில் இரண்டு ஸ்க்ரூ ஆடுகின்றன, முறுக்கினாலும் பிடிக்கவில்லை.

பதில்:
ஓட்டை பெரிதாகிவிட்டது. கதவுக்கு அடியில் ஆப்பு வைத்துத் தாங்கிக்கொண்டு ஸ்க்ரூவைக் கழற்றுங்கள். மரப்பசை தடவிய மெல்லிய மரக்குச்சிகளை ஓட்டையில் இறுக்கிச் செருகி, காய்ந்ததும் அதே ஸ்க்ரூவை ஏற்றுங்கள். அதன் பிறகும் முட்டினால் மட்டும் தகட்டின் விளிம்பை அரத்தால் கொஞ்சம் ராவுங்கள். அரத்தை முதலில் எடுக்காதீர்கள்.

கேட்டவர்:
குச்சி வைத்து முடுக்கினேன். அரம் தேவைப்படவில்லை. அம்மா இரண்டு விரலால் பூட்டுகிறார். மிக்க நன்றி ஐயா.